வெள்ளைப் பாம்புக்கு ஏழு வருஷம்

றோஸுக்கு ஒரு வெள்ளைப் பாம்பு வேண்டும். கடையில் வாங்கிய வெள்ளைப் பாம்பு அல்ல. தன் வீட்டில், தான் சோடி சேர்த்து, தன் கண் முன்னால் முட்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற வெள்ளைப் பாம்பு. இந்த ஒரு ஆசைக்காக நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டின் சாமான் அறையில் ஏழு வருஷமாக அவள் பட்ட பாட்டைச் சொன்னால் பாம்பே அழும்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஐம்பத்திரண்டு வயது மனுசிக்கு வேறு பொழுதுபோக்குக் கிடைக்கவில்லையா என்று கோயிலில் கேட்காத ஆள் இல்லை. கேட்டால் கேட்கட்டும். விஷமில்லாத சோளப்பாம்பு வளர்க்க நோர்வேச் சட்டம் இடம் கொடுத்த அடுத்த வருஷமே அவள் இரண்டு வாங்கிவிட்டாள். ஒன்று கறுப்பே இல்லாத செம்மஞ்சள் ஆண். மற்றது சிவப்பே இல்லாத சாம்பல் பெண். இரண்டையும் சேர்த்தால் குட்டியெல்லாம் சாதாரண நிறத்தில்தான் வரும். ஆனால் அந்தக் குட்டிகளின் இரத்தத்தில் இரண்டு குறையும் ஒளிந்திருக்கும். அவற்றை மூன்று வருஷம் வளர்த்து ஆளாக்கி ஒன்றோடொன்று சேர்த்தால், பதினாறுக்கு ஒன்று, கறுப்பும் சிவப்பும் இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கலாம். பிறக்கலாம், அவ்வளவுதான். முதல் தடவை பதினான்கு முட்டை, வெள்ளை இல்லை. இரண்டாம் தடவை பதினாறு; செம்மஞ்சள் நான்கு, சாம்பல் மூன்று, மற்றதெல்லாம் சாதாரணம். அன்றைக்கு றோஸ் சாப்பிடவில்லை.

மூன்றாம் தடவை, போன வைகாசியில், தாய்ப்பாம்பின் வயிற்றில் கடைசி முட்டை சிக்கிக்கொண்டது. மிருக வைத்தியர் அதை எடுத்துவிட்டு, இனி இதைச் சினைப்படுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றப் பெண் குட்டிகளை அவள் எப்போதோ கொடுத்துவிட்டாள். ஆக அடைகாக்கும் பெட்டியில் இருந்த பதினேழு முட்டைதான் மிச்சம். அவை ஒட்டிக்கொள்ளும் முன் பிரித்து, ஈரத் துகளுக்குள் பாதி புதைத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி போட்டாள். பாம்பு முட்டை, இட்ட நிலையிலேயே அசையாமல் கிடக்க வேண்டும். புரண்டால் உள்ளே கரு செத்துவிடும். தவறிப் புரண்டால் தெரியட்டும் என்றுதான் அந்தப் புள்ளி.

ஐந்தாம் நாள் பாரிசில் தங்கை கரோலினாவுக்கு ஒப்பரேசன். போகாமல் இருக்க முடியுமா? புருஷன் றெஜினோல்டிடம் வெப்பம் இருபத்தெட்டில் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். அதைக்கூடத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பஸ் ஓட்டுகிற மனுஷன், ஏழு வருஷத்தில் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் பாம்புத் தீனிக்கான எலிக்குஞ்சுப் பொதியைக் கண்டு ஒரு கிழமை வீட்டில் சாப்பிடாமல் இருந்தவர். ஆனால் தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் ஆளின் குரலில் ஒரு உற்சாகம். ஒன்றுக்கும் யோசிக்காதே, உன் பிள்ளைகளை நான் வடிவாகப் பார்க்கிறேன் என்றார். றோஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டாளே, அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று கிழமை கழித்து வந்தவள், சப்பாத்தைக் கழற்றியதும் நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள். முட்டைகள் மஞ்சளாகி, சூம்பி, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. புள்ளி ஒன்றையும் காணவில்லை. மேலே தெரிந்ததெல்லாம் நீலப் பேனாவால் குறுக்கும் மறுக்குமாகக் கிழித்த புள்ளடி.

றெஜினோல்ட் பின்னால் வந்து நின்று விளக்கினார். மன்னாரில் அவருடைய தகப்பன் லாம்புச் சூட்டில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்தவராம். முட்டையின் ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் புள்ளடி. காலையில் ஒன்று மேலே, பின்னேரம் மற்றது மேலே. இடையில் கொஞ்சம் தண்ணீரும் தெளிக்க வேண்டுமாம்.

"நீ அவசரத்திலை புள்ளியை மட்டும் போட்டிட்டுப் போயிட்டாய். புள்ளடியை நான் போட்டன். ஒரு நேரமும் தவற விடேல்லை, றோஸ்."

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அதற்காக வேலை நேரத்தைக்கூட மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். சோம்பேறியாக இருந்திருந்தால் பதினேழும் பிழைத்திருக்கும். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது என்பதை மட்டும் ஒரே வரியில் சொன்னாள். மனுஷனின் முகம் செத்துவிட்டது.

அவள் பெட்டியைக் குசினி மேசைக்குக் கொண்டுபோய், சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தாள். நூல்போலச் சுருண்ட கருக்கள், முதல் பத்துக்கும் கறுப்புக் கண். கண் கறுப்பென்றால் சாதாரணமோ சாம்பலோ, வெள்ளை இல்லை. பதினோராவது முட்டையில் கண்ணில் கறுப்பு இல்லை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இது செம்மஞ்சளாகவும் வந்திருக்கலாம், வெள்ளையாகவும் வந்திருக்கலாம். தோலில் நிறம் ஏறும் முன்பே செத்துவிட்டது. எந்த வைத்தியராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

றெஜினோல்ட் குனிந்து பார்த்தார். "இதின்ரை கண் ஏன் வேறை மாதிரிக் கிடக்கு? இதுதான் அந்த வெள்ளையோ?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அவருக்கு வலிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நன்றாக வலிக்க வேண்டும்.

"ஓம்," என்றாள். "வெள்ளைதான்."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். அந்தச் சின்னனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப உனக்குச் சரிவந்திருக்கு," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்ல றோஸ் வாயெடுத்தாள். சொல்லவில்லை. மிச்சம் ஆறு முட்டையையும் வெட்டாமலே பைக்குள் போட்டுக் கட்டினாள்.