பெரிய வாசல் அரண்மனையில் ஒரு முற்பகல்

புதன்கிழமை காலை 9.10. ஓசூர் பேருந்து நிலையத்தில் கெலமங்கலம் டவுன் பஸ் கிளம்பும்போதே எனக்குப் பயமாக இருந்தது. அரண்மனை பார்க்கப் போகிறவனுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். நான் பார்க்கப் போனது அதன் விரிசல்களை.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. இரும்பு வார்ப்புகளில் சிவப்புச் சாயம் தடவி, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்துக் கழித்துப் போடுவேன். அங்கே பேக்கிங்கில் இருக்கும் வசந்தா ஒரு பாளையக்காரர் வம்சம் என்பது போன வாரம்தான் தெரிந்தது. "அண்ணா, நீங்க விரிசல் பாக்குற ஆளு. எங்க நாயனா இடிஞ்ச அரமனைய விட்டு வர மாட்டன்றாரு, யார் சொல்லியும் கேக்கல. நீங்க வந்து செவுரு விழுந்துடும்னு சொன்னா கேப்பாரு" என்றாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு; நாயனா என்றால் அப்பா. மண் சுவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

எனக்குப் பதினாறு ரூபாய் டிக்கெட். பெண் என்பதால் அவளுக்கு இலவசம். ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைத் தாண்டிப் பத்து மணிக்கு மேல் கெலமங்கலத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வசந்தா கேட்டுக்கொண்டாள்.

"அரமனைக்கா சார்? உள்ள போவாதீங்க. பன்னண்டு மணிக்குக் குவாரில வேட்டு வெப்பாங்க. வெளிய நின்னு போட்டோ எடுத்துக்கினு வந்துடுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

10.40. கருங்கல் அடித்தளம், அதன்மேல் இரண்டு முழ அகல மண் சுவர். பாதிக் கூரை இல்லை. தர்பார் மண்டபத்தில் முன்பு பட்டுப்புழு வளர்ப்புத் தட்டுகள் அடுக்கியிருந்த மூங்கில் சட்டங்கள் காலியாக நின்றன. நடுவே கயிற்றுக் கட்டிலில் வசந்தாவின் அப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

வரலாற்றை அவரே சொன்னார். கணவாயைக் காவல் காத்து, ஏழு கிராமம் ஆண்ட குடும்பம். முப்பாட்டன் ஒருவர் பெரிய வாசல் வழியாகச் சண்டைக்குப் போனார்; குதிரை மட்டும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டு ஆண்கள் கிழக்கே உள்ள சின்ன வாசலில்தான் போய்வருவார்கள். பெரிய வாசல் வழியாகப் பிணமாக மட்டுமே வெளியேறுவார்கள்; உயிரோடு தாண்டியவன் வீட்டுக்குச் செத்தவன் கணக்கு. ஏழு கிராமமும் போயின, தேக்கு உத்தரங்கள் விலைக்குப் போயின, மண்டபம் பட்டுப்புழுவுக்கு வாடகைக்குப் போனது. வழக்கம் மட்டும் போகவில்லை.

ஒன்பது நாளைக்கு முன் மழையில் சின்ன வாசல் சுவரோடு இடிந்து அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டம்மா சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்.

"பாருங்க தம்பி. பாத்து உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

கட்டிலுக்குப் பின்சுவரில் விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே எங்கோ மண் சரசரவென்று உதிர்ந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

11.40. வேட்டுக்கு முன் எச்சரிக்கும் குவாரியின் முதல் சங்கு ஊதியது.

"இன்னைக்கே விழுந்துரும் ஐயா. இந்த வேட்டத் தாங்காது" என்றேன். தெரிந்து சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒரு வார்ப்பைக் கழிக்கும்போது வரும் அதே உறுதியான குரலில் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் அசையவில்லை. வசந்தா போய் அந்த விரிசலுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நீ வர்ற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டன் நாயனா."

"பைத்தியமா உனக்கு? எழுந்திரும்மா!"

"மாட்டன்."

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. இரண்டாவது சங்கு ஊதியதும் பெரியவர் எழுந்து மகளின் கையைப் பிடித்துத் தூக்கினார். பெரிய வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"இதத் தாண்டிப் போனவன் உயிரோட மறுபடி உள்ள வரக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும் நாயனா."

தாண்டினார். தெருவில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

12.00. வேட்டுச் சத்தம் காதை அடைத்தது. காலடியில் தரை உதறியது. புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின. வாசல் முழுக்கப் புழுதி. வசந்தா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

புழுதி அடங்கியது. அரண்மனை அப்படியே நின்றது. ஒரு ஓடுகூடச் சரியவில்லை.

பெரியவர் என்னைத் திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். "வண்டி எத்தன மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே அவருடைய துணிமணி கொஞ்சம் இருந்தது. அதை வசந்தா போய் எடுத்து வந்தாள். அவர் தெருவிலேயே நின்றார்.

1.20க்குத் திரும்பும் பஸ். விருதுநகர்ப் பக்கம் எங்கள் பழைய வீடு இரண்டு அறை கான்கிரீட். அப்பா அதை விற்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இவருக்கு என்ன ஆகும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. முன் இருக்கையில் வசந்தா தூங்கிவிட்டாள். பெரியவர் என் பக்கம் குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, அது விழுந்துடும் இல்ல?"

கெஞ்சல் அது; விழாவிட்டால் அவர் வாசலைத் தாண்டியது வீண். "விழுந்துரும் ஐயா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடினார். சுவர் விழுந்துவிடுமோ என்று காலையில் பயந்து போனவன், விழாமலே நின்றுவிடுமோ என்ற பயத்தோடு ஓசூரில் இறங்கினேன்.