காலியாக விட்ட வளையம்

தூத்துக்குடியில் இப்போது பெண்பிள்ளைகள் கையைப் பார்த்தால், சின்னச் சின்னத் தொங்கல்கள் ஆடுகிற சங்கிலிதான். சார்ம் பிரேஸ்லெட் என்று ஃபேன்சி கடையில் சொல்கிறார்கள். முத்துக் குளித்த ஊர் இது. கடையில் கிடப்பது பிளாஸ்டிக் முத்து. அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. தங்கம் என்றால் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு தொங்கலாகத் தொட்டு, இது யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு நிற்காது.

என் மகளும் அப்படித்தான். அவளுக்கு அதை வாங்கிக் கொடுத்தது அவள் அண்ணன். நான் திரேஸ்புரத்தில் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவன். என் கூடவே வருவான் என்று நினைத்தேன்; அவன் கப்பல் வேலைக்குப் போனான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் ஒரு தொங்கல் வாங்கி வருவான். நங்கூரம், ஒட்டகம், கலங்கரை விளக்கு. ஒட்டகத்துக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. அதற்கு ஒரு வாரம் சண்டை. அவர்கள் அம்மா இருந்திருந்தால் ரெண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும்.

கடைசியாக வந்தபோது சங்கிலியில் ஒரே ஒரு வளையம்தான் பாக்கி.

"ஏளா, இதுல எதையும் மாட்டிராத. அடுத்த தடவை ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாரேன்," என்றான்.

"மொதல்ல ஒனக்கு மூளை வாங்கு," என்றாள்.

அவன் வரவில்லை. நடுக்கடலில் கப்பலில் இருந்து விழுந்துவிட்டான், தேடியும் உடல் கிடைக்கவில்லை என்று போன் வந்தது. மகள் அழவில்லை. "கெடைக்கலன்னுதான சொல்லுதாவ," என்றாள். அந்த வளையத்தைக் காலியாகவே வைத்திருந்தாள். சிநேகிதிகள் பிறந்தநாளுக்குக் கொடுத்த தொங்கலைக்கூட மாட்டாமல் டப்பாவில் போட்டுவிட்டாள்.

போன மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிவானது. உப்புக்காற்றில் சங்கிலி கறுத்துக் கிடந்தது. மெருகு போட்டு வாங்கி வரச் சொன்னாள். ஃபேன்சி கடைக்காரர் தெரிந்தவர். ரெண்டு நாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் பிரித்தாள். காலி வளையத்தில் ஒரு சின்ன இதயம் தொங்கியது. கல்யாணப் பெண் என்று கேள்விப்பட்டு, கடைக்காரர் பிரியமாக மாட்டியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மகள் அந்த இதயத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எடுத்திருவோம் தாயி. குறடு இருக்கு," என்றேன்.

"எடுத்தா வந்துருவானாப்பா?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அத்தனை நாளும் வேறு வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தேன். ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்தவனுக்குத் தெரியாதா?

"வரமாட்டான் தாயி."

அப்போதுதான் அவள் அழுதாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது. இறக்கி வைக்க ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. இதயத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இத்தனை மாதமும் மாதா கோயிலில், அவன் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்றுதான் பூசை வைக்கச் சொல்லி வந்தோம். மறுநாள் போனபோது பங்குச் சாமியார், "இந்த மாசமும் அதே வேண்டுதல்தான?" என்று கேட்டார். மகள்தான் சொன்னாள்.

"இல்ல சாமி. அண்ணன் ஆத்துமா இளைப்பாறணும்னு வைங்க."