பெருமாநல்லூரில் ஒரு பனியன் துணித் திரை

லைனோ தகட்டில் படம் செதுக்கித் தாளில் அச்சிடுவது என் பொழுதுபோக்கு. அதே படம் துணிக்குப் போனால் மட்டும் ஏன் சொதப்புகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பில்தான் மார்கழிக் கடைசியில் கிளம்பினேன். பெருமாநல்லூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வி இணையத்தில் பழக்கம்.

காலை ஐந்தே முக்காலுக்குச் சேலத்தில் ரயில், எட்டு மணிக்குத் திருப்பூர். அங்கிருந்து பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உட்கார இடமும் இல்லை. இறங்கி ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். "எந்த பிரிண்டிங்குங்க? இங்க தெருவுக்கு நாலு இருக்குதுங்க" என்றார் ஓட்டுநர். மயில் வரைகிற அக்கா என்றதும் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

தமிழ்ச்செல்வியின் குடும்பம் ஊர் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத் திரையை நெய்து தரும் தறிக் குடும்பம். இந்த ஆண்டு அவர் முறை. நெய்யாமல், பனியன் துணியில் நான்கு நிறத்தில் அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மாலை நான்கு மணிக்குப் பெரியப்பா பார்க்க வருவார். பிடிக்காவிட்டால் அவர் தயாராக நெய்து வைத்திருக்கும் திரைதான் கோயிலுக்குப் போகும்.

கரைக்குக் கோபுர வரிசை. அம்மாவின் தறியில் ஓடும் அதே கரையைக் கட்டம் போட்ட தாளில் எண்ணி எண்ணி வரைந்திருந்தார். மயில்மேல் முருகன் பச்சை, நீலம், மஞ்சளில் முந்தின நாளே அச்சாகிக் காய்ந்துவிட்டார். பாக்கி சிவப்பு வேல் மட்டும். துணியை மேசையில் விரித்து, வேல் வடிவம் மட்டும் திறந்திருக்கும் வலைச் சட்டமான ஸ்கிரீனை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மை ஊற்றும் முன்பே தெரிந்தது, ஸ்கிரீனில் உள்ள வேல் முருகன் கையை விட்டு இரண்டு விரல் தள்ளி நிற்பது.

பனியன் துணியை ரோலிலிருந்து அவிழ்த்தால் ஒரு நாள் சும்மா விரித்துப் போட வேண்டும். இல்லையென்றால் பிறகு சுருங்கும். அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

"இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியுமுங்க இது" என்றார்.

மணி பதினொன்று. அவர் டீ சொன்னார். குடித்துவிட்டு, சுருங்கிய துணிமேல் மெல்லிய தாளை வைத்து, முருகன் கை இப்போது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து புது வேல் ஒன்றை வரைந்து கத்தியால் வெட்டினார். வெட்டிய தாளை வெற்று ஸ்கிரீனுக்கு அடியில் ஒட்டி, சிவப்பு ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. ஸ்கிரீனைத் தூக்கினார். வேல் கையில் இருந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை முழுக்க மை என்பதால் விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்குப் பெரியப்பா செருப்போடு உள்ளே வந்தார். காய்ந்த துணியை இரு கையாலும் இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார்.

"இழுத்தா மயிலு பெருத்துப்போகுது, உட்டா பழையபடி வந்துருது. நம்ம தறித்துணி இந்தளவுக்குப் பொறுத்துப்போகாது கண்ணு."

"கோயலுக்கு ஆகுமுங்களா பெரியப்பா?"

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, திரையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தமிழ்ச்செல்வி அப்போதுதான் உட்கார்ந்தார்.

போகிறவர்கள் ஞாயிறைத் தவிருங்கள், பட்டறைகள் மூடியிருக்கும். பழைய உடுப்பு போதும். திரும்பும்போது நானும் இரண்டு மீட்டர் பனியன் துணி வாங்கினேன். அது என் கட்டிலில் விரித்துக் கிடக்கிறது. நாளை வரை தொடுவதாக இல்லை. இன்று எனக்குத் தரைதான்.