களனியில் நட்ட மிளகாய்

என் கணவருக்கு மண் பைத்தியம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் கிளார்க்காகக் காலம் தள்ளிய மனிதர். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த, பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸின் மதிலில் வரிசையாகப் பால்மா டின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய்க் கன்று. வீட்டுக்காரர் முறைத்தால் இவரும் முறைப்பார். கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கோ செடி என்றால் மாதா கோயில் பீடத்துப் பூச்சாடிதான்.

வெளிநாட்டிலிருந்து காய்ந்த செத்தல் மிளகாய் வராமல் நின்ற எழுபதுகளில், களனி ஆற்றுக்கு அப்பால், ஒல்லாந்தர் காலத்துப் பெரிய வீடு ஒன்றின் காணி சும்மா கிடப்பதாக இவர் காதில் விழுந்தது. சொந்தக்காரி ஒரு சிங்கள அம்மா. தென்னைகளுக்கு நடுவே பற்றை மண்டிய நிலத்தைத் துண்டு போட்டு விற்க முடிவு செய்திருந்தார். இவர் போய்க் கெஞ்சினார். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை வரை பார்க்கிறேன், நிலம் எதையாவது தந்தால் குத்தகைக்கு விடுகிறேன், இல்லாவிட்டால் சர்வேயர் வருவார் என்றார் அந்த அம்மா.

ஞாயிறுதோறும் பஸ் ஏறினோம். இவர் தங்கள் ஊர் முறைப்படி நிலத்தைக் குழித்துப் பாத்தி பிடித்து, சுற்றிவர வரம்பு கட்டினார். இறைக்கும் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாத கட்டு. அழகாகத்தான் இருந்தது. வைகாசி மழை கொட்டியது. அடுத்த ஞாயிறு போனால், பாத்திகள் எல்லாம் சின்னச் சின்னக் குளங்கள். கன்றுகள் வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தன. இவர் வரம்பில் குந்தியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

“உங்கட ஊரில தண்ணியைப் பிடிச்சு வைக்கவேணும். இங்க அதை அனுப்பிவிடவேணும்.”

“கொட்டாஞ்சேனையில எந்தத் தோட்டத்தில படிச்சனீர்?” என்றார்.

தோட்டம் கண்டவள் இல்லைதான். ஆனால் மழைக்கு மழை வீட்டுக்குள் வரும் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றியே வளர்ந்தவள். மேட்டில் வைத்த பொருள்தான் தப்பும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதையும் சொன்னேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறு ஞாயிறு போனதும் மண்வெட்டியை எடுத்து, கட்டிய வரம்பை எல்லாம் தானே வெட்டிச் சாய்த்தார். பாத்திகளை இடுப்பளவு இல்லாவிட்டாலும் முழங்கால் அளவுக்காவது மேடாக்கினோம். இடையில் தண்ணீர் வடிந்து ஓட ஆழமாகக் கான் வெட்டினோம். புதுக் கன்று நட்டோம். ஐப்பசியில் ஒரு கிழமை முழுக்க வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியபோது எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் கான்கள் நிறைந்து ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. மேட்டில் கன்றுகள் காயும் பூவுமாக நிமிர்ந்து நின்றன. இவர் சிரித்தார், நான் அழுதேன்.

நத்தாருக்கு முந்தின கிழமை அந்த அம்மா குடையோடு வந்து, ஒரு காயைப் பறித்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்கச் சிரித்தார். சர்வேயரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். குத்தகைப் பத்திரத்தில் யார் பெயரைப் போடுவது என்று சிங்களத்தில் கேட்டார். இவர் தன் பெயரைச் சொல்வார் என்றுதான் நானும் இருந்தேன்.

என் பெயரைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “தோட்டக்காரி நீர்தானே, சைன் வையும்,” என்றார்.

பிறந்ததும் வாடகை வீடு, வாழ்க்கைப்பட்டு வந்ததும் வாடகை வீடு. என் பெயர் ஒரு காணியோடு சேர்த்து எழுதப்பட்டது அன்றுதான் முதல்முறை.