செல்ஃப் எடுக்காத ஜீப்

எங்கள் வீட்டு ஜீப்பை ஜீப் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உடம்பு ஏலத்தில் எடுத்தது. எஞ்சின், பழைய இரும்புக்கடையில் படுத்துக் கிடந்த ஒரு வேனுடையது. சக்கரங்கள் நான்கும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அகலம். இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த மகா நிபுணன் நான். கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "வெந்நீர் இருபத்திநாலு மணி நேரமும் வரும் சார்" என்று நாள் முழுக்கப் பொய் சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு அமையுமா? மூன்று கோட் ஆரஞ்சு பெயிண்ட் அடித்தேன். முன்னால் நாலு விளக்கு வைத்தேன். ஸ்டார்ட் ஆக வேண்டும் என்கிற சின்ன விஷயம் மட்டும் பாக்கி இருந்தது.

எங்கள் மலைக் கிராமமான வில்பட்டியில் அது ஒரு குறையே அல்ல. மலையில் நாங்கள் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். காலையில் கல்லை எடுத்து உருட்டிவிட்டால் பாதி வழியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரெல்லாம் கீழ்நாட்டுக்காரர்களின் சொகுசு என்று இரண்டு வருஷம் பேசிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் வண்டியிலும் செல்ஃப் எடுக்காது.

தோட்டம் என் மனைவியுடையது. மலைப்பூண்டு போடுவது, பிடுங்குவது, காயவைப்பது எல்லாம் அவள்தான். வடுகபட்டிச் சந்தைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய், அவளே விலை பேசி விற்பாள். நானும் கூடப் போவேன், தள்ளுவதற்கு. சந்தை மலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே இறக்கம் என்ற ஒன்றைக் கடவுள் படைக்கவில்லை.

போன தடவை மூட்டைகளை இறக்கிய பிறகு வண்டி கிளம்பவில்லை. தனியாகத் தள்ளிப் பார்த்தேன். என் முதுகுதான் நகர்ந்தது. சுமை தூக்குகிறவர்கள் நாலு பேரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தள்ளிக்கொண்டே அதில் ஒருவர், "யக்கா, அடுத்த தடவ பூண்டோட ரெண்டு காளையும் ஏத்திட்டு வந்துருங்க" என்றார். சந்தையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் சொன்னாள்.

"அடுத்த லோடுக்குச் சாவியத் திருப்புனாக் கெளம்பணும். இல்லேன்னா இத இரும்புக்கடைக்கே அனுப்பிருவேன். பூண்ட லாரிக்காரன்ட்டக் குடுத்துட்டு நான் வீட்லயே கெடக்குறேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். வருஷம் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கிறவள் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேரிடம் பேரம் பேசுகிற ஒரே இடம் அந்தச் சந்தை. அதை என் ஆரஞ்சு கலர் அவமானம் பறித்துவிடும் போலிருந்தது.

டவுனில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். சாவியின் சின்னக் கரண்டை வாங்கிக்கொண்டு மோட்டாருக்குப் பெரிய கரண்டை அனுப்புகிற டப்பாதான் சோலனாய்டு, என் வண்டியில் இல்லாதது அதுதான் என்று விளக்கினான். "ரொம்ப சிம்பிள்ணே. பெரிய போல்ட் ரெண்டு, ஒண்ணு பேட்டரிக்கு, ஒண்ணு மோட்டாருக்கு. நடுவுல சின்னப் பின்னு, அதுக்குச் சாவி ஒயரு. சின்னப்புள்ளகூட மாட்டிரும்." சின்னப்பிள்ளை யாரும் கைவசம் இல்லாததால் நானே ஒன்று வாங்கி மாட்டினேன்.

சந்தைக்கு முந்தின நாள் லீவு போட்டு, வண்டியைக் களத்தில் நிறுத்தி வேலையை முடித்தேன். அவள் எதிரே பூண்டு மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம்கூட இல்லை. கழற்றி மாட்டினேன். பச்சை ஒயரை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒயர் போட்டேன், சிவப்பில் கரண்ட் வேகமாக ஓடும் என்பதுபோல. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதுதான் வலித்தது.

மறுபடியும் போன். "எர்த் எப்டிண்ணே கெடைக்குது? டப்பாவ எங்க போல்ட் போட்டீங்க?"

"பாடியிலதான்."

"பெயிண்டு மேலயா?"

மூன்று கோட் பெயிண்டும் கரண்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றன. அந்த இடத்தை பிளேடால் இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். என் தோலையே சுரண்டிய மாதிரி இருந்தது. திரும்பவும் போல்ட்டை முறுக்கினேன். இருக்கை வரை போய்ச் சாவியைத் திருப்பப் பொறுமை இல்லை. சாவி ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. பக்கவாட்டில் நின்றபடியே பேட்டரி போல்ட்டையும் சின்னப் பின்னையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டேன், சாவி செய்கிற வேலையை அது செய்துவிடும் என்று.

ஜீப் குதித்தது. கல்லை ஏறித் தாண்டியது. எஞ்சினும் பிடித்துக்கொண்டது. பிறகு தன்பாட்டுக்கு, ஆளில்லாமல், பூண்டு மூட்டைகளைப் பார்த்து நடந்தது. தட்டையான களத்திலும் நான் அதைக் கியரில் போட்டுக் கல் வைத்திருந்தேன். மலைக்காரன் கை, இறக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. "நில்லு, நில்லு" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினேன். அதற்குக் காது வைக்க மறந்திருந்தேன்.

அவள் கோணி ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பக்கவாட்டில் தாவி ஏறிச் சாவியை அணைத்தாள். முன் சக்கரம் முதல் மூட்டையில் முட்டி நின்றது.

"கை கால்ல எதுவும் படலைல்ல?" என்று கேட்டாள். தலையாட்டினேன். கீழே குனிந்து பார்த்தாள். "கியருல கெடக்குங்க" என்றாள். அதற்குமேல் திட்டத் தேவையிருக்கவில்லை.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே பிடித்தது. அணைத்தாள். திருப்பினாள், பிடித்தது. ஐந்து தடவை அதையே செய்தாள். கல்யாண போட்டோவில்கூட அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் துடைத்த ஸ்க்ரூடிரைவரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளனே மூட்டைகளை ஏற்றினோம். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். கிளம்பியது. நான் பழக்கதோஷத்தில் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன்.

"அங்க என்ன பண்றீங்க? வெரசா கெளம்பி வேலைக்குப் போங்க, இன்னொரு லீவு வேண்டாம்."

"நானும் வரட்டுமா?"

"எதுக்கு?"

கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலையை இரண்டு வருஷம் ஏன் இழுத்தேன் என்பது மட்டும் அப்போது தெரிந்துவிட்டது. தள்ள ஆள் வேண்டியிருந்தவரை அவளுக்கு நான் வேண்டியிருந்தேன். அது போய்விடும் என்று பயந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சும்மாதான்" என்றேன்.

அவள் பக்கத்து இருக்கையில் இருந்த மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

"சும்மா வர்றதுன்னா ஏறுங்க."