படத்தின் மூலையில் இருந்தவள்

ராயபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஒருநாள் தாளாளர், பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தைக் கொடுத்து, தெருப்பக்கச் சுவரில் அப்படியே பெரிதாக வரையச் சொன்னார்.

படத்தின் நடுவில் வெள்ளை அங்கியும் நீல மேலாடையுமாக ஒரு பெண் புத்தகத்தை விரித்துப் பிடித்து நிற்கிறாள். அவள்தான் கல்வி. சுற்றிலும் கொழுகொழுவென்று பிள்ளைகள். கீழ்மூலை இருட்டில் கறுத்த பெண் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறாள். அவள் பெயர் அறியாமை என்று தாளாளர் விளக்கினார். கல்வியின் வெளிச்சம் தாங்காமல் கூசுகிறாளாம். அறியாமைக்கு ஏன் அந்த நிறம் என்று கேட்க வாய் வரை வந்தது; கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஒரு வாரத்தில் வரைந்து முடித்தேன். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு அந்த வழியாக வந்த அம்மா, சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நீல மேலாடையை வைத்து மாதா என்றே முடிவு கட்டிவிட்டாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"பாவம், இன்னா கஷ்டமோ இவளுக்கு. மாதா கால்ல வுழுந்து அழுவுறா. நம்மள மாதிரியே கறுப்பா கீறா பாரு."

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். மூலையில் இருப்பது யாரென்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. வெட்கமாக இருந்தது, அவளை நினைத்து அல்ல.

"மாதா ஏன்மே அவளைப் பாக்காம புஸ்தகத்தையே பாத்துகினு கீறாங்க?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே மறுபடி சாரத்தில் ஏறினேன். கல்வியின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பினேன். மூலையில் இருந்தவளின் கைகளை முகத்திலிருந்து விலக்கி, அந்தக் கைகளில் புத்தகத்தை வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

தாளாளர் கொதித்துப்போனார். பழையபடி மாற்றாவிட்டால் வேலை கிடையாது என்றார். மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை சுண்ணாம்படிக்க ஆள் வந்தான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்கள் அதற்குள் படத்துக்கு மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்து ஓடிவந்தவர்கள் மீன் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சுவரை மறித்து நின்றார்கள்.

"மாதா மேலயா சுண்ணாம்பு அடிக்கப்போற? எங்க, அடி பாப்போம்," என்றாள் ஒருத்தி.

"அது மாதா இல்லம்மா, வெறும் படம்" என்று தாளாளர் தொண்டை வறளச் சொல்லிப்பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"நீங்க சொன்னா கேப்பாங்க டீச்சர். இது மாதா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வேலை உங்களுக்கே."

முன்வரிசையில் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.