சித்தி பாடிய தோசைப் பாட்டு

என் சித்தியின் மேல் எனக்கு இருந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பத்து வயதில் பிடித்தது, தாவணி போட்ட பிறகும் விடவில்லை. அவள் ஊரிலிருந்து வந்தால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். அவள் வாங்கி வந்த ஜாங்கிரியைத் தொடமாட்டேன். இத்தனைக்கும் அதற்கு முந்தைய நான்கு மாதம் அவளைவிட எனக்குப் பிடித்த ஆள் திருவண்ணாமலையிலேயே கிடையாது.

அவள் என் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் அவளுக்குத் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான். கோயிலின் மேற்கே, பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாவு மில்லை ஒட்டி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். கல்யாணத்துக்கு முன் அவள் அடி அண்ணாமலையில் பால்வாடி டீச்சர். குழந்தைகளுக்கு அவளே பாட்டுக் கட்டுவாள். காக்கா, முருங்கைக்காய், மூக்கு ஒழுகும் பையன், எதைப் பார்த்தாலும் நாலு வரி வந்துவிடும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கியிருந்தாள். போளூர்ப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தபோது அதையும் எடுத்துப் போனாள். பத்து மாதம் கழித்து ஓர் ஆவணி மாதத்தில், அதை ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வேறு மூட்டை எதுவும் இல்லை.

"எத்தினி நாளு இருப்ப?" என்று அம்மா கேட்டாள்.

"பாக்கலாம்க்கா."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எதையும் கேட்காமல் இருப்பதற்குத்தான் மரியாதை என்று பெயர்.

சனி ஞாயிறுகளில் மில்காரர் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் எங்களுடையது. மெஷின் நின்றதும் உள்ளறைக் கதவைச் சாத்துவோம். ஜன்னலில் போர்வையைக் கட்டுவோம். என் அக்காவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் சித்தி வாரம் முழுக்கப் பென்சிலால் எழுதி அழித்து எழுதி வைத்திருப்பாள். அவளுக்கு மெட்டுத்தான் முதலில் வரும். வார்த்தை அதில் உட்காராவிட்டால் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே அறைக்குள் நடப்பாள். உட்கார்ந்துவிட்டால் "ஆங், இப்ப வா" என்று சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்துவாள். தீப்பெட்டியில் அரிசியைப் போட்டுக் குலுக்குவது என் வேலை. ஒரு பாட்டின் நடுவில் தெருவில் போன கோலமாவுக்காரர் குரல் விழுந்துவிட்டது. மறுபடி பாடலாம் என்றேன்.

"இருக்கட்டும்டி. அவரும் நம்ம பாட்டுல ஒரு ஆளு" என்றாள்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. ரேடியோவில் சொல்வதுபோல் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பது. அதில் எனக்குப் பெருமை அதிகம். சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

இப்போது அவள் பாட்டில் காக்காயும் முருங்கைக்காயும் வரவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. அந்த வீட்டில் ஒரு மாமியார் உண்டு, சாவிக்கொத்து உண்டு, எதைக் கேட்டாலும் கூரையைப் பார்க்கும் ஒரு ஆம்பளை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது தோசைப் பாட்டு.

மொத தோசை வெச்சாங்க ஊரு பாக்க
ரெண்டாந்தோசை வெச்சாங்க அவரு பாக்க
மூணாந்தோசைக்கு நான் கைய நீட்ட
மாவுப் பானைக்கு ஒரு பூட்டு போட்டாங்க

ஒவ்வொரு வரிக்கும் நான் பின்னாலிருந்து "ஐயையோ" போடவேண்டும். அதற்கடுத்தது கரண்டிப் பாட்டு.

கரண்டிக் காம்பு சுடுமா சுடாதா
கையில வெச்சாத்தான் தெரியுமாம்
காயம் எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா
கடுகு வெடிச்சதுன்னு சொல்லணுமாம்

அதை நான் விடுகதை என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துப் பாடினேன். சித்தியின் இடது மணிக்கட்டுக்கு மேல் விரல் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு இருந்தது. கடுகு வெடித்தது என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல நாள் ஆகவில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது. பாட்டில்தான் சொல்லியாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை தீபம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தியின் புருஷன், மாமியார், மாமியாரின் அண்ணன் மூவரும் வந்தார்கள். மில்காரர் வீட்டிலிருந்து நாற்காலி கடன் வாங்கிப் போட்டார் அப்பா. சித்தியும் நானும் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"ரெண்டு மாசம் கோச்சிக்கலாம், மூணு மாசம் கோச்சிக்கலாம். நாலு மாசம்னா நாலு பேரு என்னா பேசுவாங்க? நீங்களே சொல்லுங்க" என்றார் மாமியாரின் அண்ணன்.

"வாஸ்தவங்க" என்றார் அப்பா.

"பெத்த பொண்ணு மாதிரிதாங்க வெச்சிருந்தேன்" என்றாள் மாமியார். "வேள தவறாம தட்டுல போட்டு. கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அதுகூட நான் ஒண்ணும் சொன்னதில்ல."

"சின்னப் பொண்ணு. அனுப்பி வெக்கிறோங்க" என்றார் அப்பா.

கத்தரிக்காய் விலை பேசி முடிப்பதுபோல் முடித்துவிட்டார்கள். சித்தியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவளை அண்ணாந்து பார்த்தேன். சுவரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள், மெட்டு இல்லாமல். தட்டில் போட்டாளாம். பாட்டில் அவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்த சித்தி இங்கே ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. டேப்ரிக்கார்டர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எடுத்துக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து, சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, பட்டனை அழுத்தினேன்.

முதலில் என் குரல் வந்தது. "அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது, எங்கள் சித்தி தன் மாமியார் வீட்டைப் பற்றித் தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடிய பாடல்."

சித்தியின் கை பட்டனை நோக்கிப் போனது. தொடவில்லை. பாதியில் அப்படியே நின்றது. அவள் நினைத்திருந்தால் ஒரு நொடியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை என்பதை இன்றுவரை நான் உறுதியாகச் சொல்வேன்.

மூன்று தோசையும் ஒழுங்காக வந்தன, என் ஐயையோ சகிதம். கரண்டிப் பாட்டில் இரண்டாவது வரி வந்தபோது கதவு அடித்துக்கொண்டு திறந்தது. அப்பா என்னை விட்ட அறையில் காது அடைத்துப்போனது. கேசட்டைப் பிடுங்கி உள்ளே விரலை விட்டு டேப்பை உருவி உருவிப் போட்டார். கறுப்பு நாடா தரையெங்கும் கிடந்தது. என்னைக் கழுத்தைப் பிடித்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். சித்தி பின்னாலேயே வந்தாள்.

மாமியாரின் முகத்தில் ரத்தம் இல்லை. சித்தியின் புருஷன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் வந்ததுபோலவே கூரையைப் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும்.

"இது உன் கொரலாமா?" என்று மாமியாரின் அண்ணன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர்தான் அந்தக் கூடத்தில் முதன்முதலாக அவளிடம் பேசியவர்.

"ஆமாங்க."

"இதுல வரதெல்லாம் எங்க வூட்ல நடந்துச்சா? நடந்திருந்தா சொல்லு. நான் கேக்கறேன்."

"கையக் காட்டு சித்தி" என்றேன் நான்.

சித்தி உடனே பதில் சொல்லவில்லை. மெதுவாக முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். "இல்லிங்க. அது பாட்டுங்க. கொழந்தைக்கு வெளையாட்டு காட்டறதுக்கு நானா கட்னது" என்றாள்.

முதலில் சிரித்தவள் மாமியார். "பாத்தியாண்ணே, சொன்னேன் இல்ல, வாய் ஜாஸ்தின்னு" என்றாள். அப்பாவும் சிரித்தார். காபி வந்தது. எல்லோரும் ஊற்றி ஆற்றிக் குடித்தார்கள். எனக்கு அந்தத் தம்ளர்களைப் பிடுங்கி அவர்கள் தலையில் கொட்டவேண்டும்போல் இருந்தது. என் கன்னத்தில் அப்பாவின் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. பொய் சொன்னது அவள், அடி வாங்கியது நான்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். கீழே சந்தில் நின்று சித்தி கூப்பிட்டாள். "ஏ அறிவிப்பாளரே, ஒரு நிமிஷம் எறங்கி வாடி." கூடை அவள் கையில் இருந்தது. நான் இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "பொய்க்காரி" என்று கத்தினேன். மில்லில் மாவுக்கு நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோனாள்.

அடுத்த தை மாதமே அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவாசியில் நல்ல இடம். நலங்கின்போது யாரோ சித்தியைப் பாடச் சொன்னார்கள். "எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க" என்றாள். இரண்டாவது பொய் என்று நான் மனதுக்குள் கணக்கு வைத்தேன். டேப்ரிக்கார்டரை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மாமியார் சாகும்வரை சித்தி அந்த வீட்டில்தான் இருந்தாள். கையில் வேறு தழும்பு இருந்ததா என்று பார்க்கிற அளவுக்கு நான் அவள் பக்கத்தில் போனதே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒரு வீட்டில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டு வாழ்ந்த பிறகுதான் அந்தக் கோபம் சித்தியை விட்டு இறங்கியது. கரையவில்லை, ஆள் மாறியது. சிலகாலம் கட்டைவிரலைப் பார்த்த அந்த மனுஷன் மேல் இருந்தது. அப்புறம் வாஸ்தவங்க என்ற அப்பா மேல். இப்போது அது அம்மா மேல் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது ஆகிறது, என்னோடுதான் இருக்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்திருக்கிறது. கேட்டால், "ரெண்டு பொண்ண வெச்சிக்கினு நான் என்னா பண்ணுவேன்" என்பாள். அந்த இரண்டில் ஒன்று நான். அதனால் சீப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தி வாருகிறேன், அவ்வளவுதான்.

சித்தி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. கன்னம் எரிய, கண் நிறைய, நான் அம்மாவைத் தேடினேன். சமையல்கட்டு வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். வந்தவாசிக்காரர்கள் ஜாதகம் வாங்கிப்போய், அவர்கள் பதிலுக்கு வீடே காத்திருந்த நேரம் அது. அம்மாவின் தலை இடமும் வலமுமாக ஒரே ஒரு தடவை, காதுத் தோடுகூட ஆடாமல், அசைந்தது. அழாதே என்று எனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இந்த வீட்டில் அவளாவது என் பக்கம் இருக்கிறாளே என்று உதட்டைக் கடித்து அழுகையை நிறுத்திக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை.